காரணம் தெரியாத காய்ச்சல்

பைரெக்சியா என்று ஒரு சொல். காய்ச்சலுக்கு டாக்டர்கள் எழுதுகிற சொல். கிரேக்க மொழியில் நெருப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் பைரோடெக்னிக்ஸ். அதாவது வாணவேடிக்கைத் தொழில். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் எங்க சனங்கள் பகலெல்லாம் செய்கிற வேலைக்கும், அந்த வேலை முடிந்து ராத்திரி பாயில் கிடந்து அனத்துகிற நோவுக்கும் ஐரோப்பாக்காரன் ஒரே வேரை வைத்திருக்கிறான். தற்செயல்தான். அதில் பெரிய தத்துவம் எதையும் நான் தேடவில்லை. ஆனால் தமிழிலும் இப்படி ஒன்று உண்டு. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் சேர்ந்த கலவைக்கு ஆலையில் பெயர் மருந்து. மருந்து அலசுறது, மருந்து செலுத்துறது, மருந்து காயப்போடுறது. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று வாங்குவதும் மருந்துதான். எங்க அம்மா ரெண்டையும் சேர்த்தே சொல்லும்: “பகலெல்லாம் மருந்துல கெடந்துட்டு, ராத்திரிக்கு மருந்து திங்க வேண்டியிருக்கு.”

காய்ச்சல் என்றால் எங்க பக்கம் முதலில் நிலத்துக்குத்தான். வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் மாறி மாறி இருக்கணும் என்பது சம்சாரிகள் பேச்சு. விருதுநகர் ஜில்லாவின் கரிசக்காட்டில் பாய்ச்சலுக்கு வழி ஏது? காய்ச்சல் மட்டும் குறைவில்லாமல் உண்டு. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அது இங்கே வேர் பிடித்துப் பின்னால் பட்டாசாகப் பெருகியதற்கு இந்த வறண்ட காற்றும் ஒரு காரணம். குச்சி காயணும், காகிதக் குழாய் காயணும், மருந்து காயணும். ஈரம் ஆகாது. மழை பொய்த்துக் காட்டு வேலை இல்லாமல் கிடந்தவர்களின் கை மலிவாகக் கிடைத்தது இன்னொரு காரணம். காய்ச்சலையே மூலதனமாக்கின ஊர் இது.

உடம்புக்கு வரும் காய்ச்சலைச் சொல்ல எங்க தெருவில் எத்தனையோ சொல் இருக்கிறது. ‘மேலு காயுது’ என்றால் தொட்டால் தெரிகிற சூடு. ‘முறைக்காய்ச்சல்’ ஒரு நாள் விட்டு ஒரு நாள், சொல்லி வைத்த மாதிரி குளிரோடு வரும். டாக்டர் அதை மலேரியா என்பார். ‘விஷக்காய்ச்சல்’ பல நாள் படுக்கப்போடும். எல்லாவற்றையும் விட நுட்பமான சொல் ‘உள்காய்ச்சல்’. வெப்பமானி வைத்தால் ஒன்றும் காட்டாது. வாய் கசக்கும், கண் எரியும், எலும்புக்குள் யாரோ அரைக்கிற மாதிரி இருக்கும். இதைப் போய் டாக்டரிடம் சொன்னால், “நார்மலாத்தான் இருக்கு, போ” என்பார். உடம்புக்காரி சொல்வது பொய், கண்ணாடிக் குழாய் சொல்வது மெய். இதே காய்ச்சல் என்கிற சொல்லை ஒருத்தர் மேல் ஒருத்தருக்குள்ள ஆங்காரத்துக்கும் வைத்திருக்கிறோம். “காலனிப் பயலுக பைக்கு வாங்கிட்டான்னு அவுகளுக்குக் காய்ச்சல்” என்று சொன்னால் விளக்கம் தேவையில்லை.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் சுரம் என்றொரு சொல் படித்தேன். பொருள் தேடப் போகும் தலைவன் கடக்கிற பாலை நிலத்து வழி. வைத்திய நூல்களில் சுரம் என்றால் காய்ச்சல். அது வடமொழி ஜ்வரம் தமிழில் உருமாறியது. ஒலி ஒன்று, சொல் வேறு. எங்க பேராசிரியர் முதல் சுரத்தில் பல வாரம் நடந்தார். இரண்டாவது சுரத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டார். சித்த மருத்துவத்தில் யூகி முனிவர் பேரில் வழங்கும் வைத்திய சிந்தாமணி சுரத்தை 64 வகையாகப் பிரித்திருப்பதை அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

ஒரே ஒரு காய்ச்சலை மட்டும் விரிவாகப் படித்தோம். பாண்டிய மன்னனுடைய காய்ச்சல். பெரியபுராணம் சொல்லும் கதை எல்லாருக்கும் தெரியும். சமணர்கள் சம்பந்தர் தங்கிய மடத்துக்குத் தீ வைக்கிறார்கள். அந்தத் தீ திரும்பிப் போய் அரசன் உடம்பில் வெப்பு நோயாகப் பற்றுகிறது. சமணரால் தீராத நோய் திருநீற்றால் தீருகிறது. பிறகு அனல்வாதம், புனல்வாதம், கடைசியில் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றம். நடந்ததா இல்லையா என்று ஆராய்கிறவர்கள் ஆராயட்டும். எனக்கு உறைத்தது வேறு. அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் இருந்தது. காரணத்தை ஒரு காப்பியமே தேடிச் சொன்னது. ஒரே ஒரு உடம்பு சூடானதற்கு ஒரு நாட்டின் மதமே மாறியது. இந்தப் பக்கம் எங்க தெருவில் எத்தனை உடம்பு காய்ந்து அவிந்து போயிருக்கும்? ஒன்றுக்காவது காரணம் எழுதி வைத்தவர் உண்டா?

இனி மதினி கதை. எங்க அண்ணன் சம்சாரம். சரவெடிக்குச் சரம் பின்னுகிற வேலை. 2016 ஆடி மாசம், தீபாவளி ஆர்டர் நெருக்கிய நேரம். பொழுது சாய்ந்தால் மேலு காயும். நடுராத்திரி வேர்த்து ஊற்றிச் சேலை நனையும். விடிந்தால் ஒன்றும் இல்லாத மாதிரி வேலைக்குப் போயிரும். கழுத்தெலும்பு துருத்த ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதப் போவதில்லை. எல்லா ஊரிலும் அப்படி ஒன்று இருக்கிறது. ஆறு வாரத்தில் ஐந்து ஓ.பி. சீட்டு. ஐந்திலும் மேலே மூன்று எழுத்து: பி.யு.ஓ. கீழே பாராசிட்டமால், அதற்குக் கீழே ஒரு சத்து மாத்திரை. ஐந்தாவது முறை நான் உள்ளே போய்க் கேட்டேன்.

“இது என்ன சார்?”

“காய்ச்சல்மா.”

“காய்ச்சல்னு சொல்லித்தான் சார் நாங்களே வந்தோம்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பி.யு.ஓ. என்பது ‘பைரெக்சியா ஆஃப் அன்னோன் ஆரிஜின்’ என்பதன் சுருக்கம். காரணம் தெரியாத காய்ச்சல். இந்தச் சொல் லேசுப்பட்டது இல்லை. 1961-இல் அமெரிக்காவில் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்று இரண்டு டாக்டர்கள் 100 நோயாளிகளை ஆராய்ந்து இதற்கு வரையறை எழுதினார்கள். சூடு 101 டிகிரிக்கு மேல் பலமுறை ஏறியிருக்கணும். மூன்று வாரத்துக்கு மேல் நீடித்திருக்கணும். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம் எல்லாச் சோதனையும் பார்த்த பிறகும் பிடிபடாமல் இருக்கணும். அப்போதுதான் அந்தப் பெயர். 1991-இல் இதைத் திருத்தி, மூன்று நாள் உள்நோயாளியாக வைத்தோ மூன்று முறை வெளிநோயாளியாக வரவழைத்தோ தீர விசாரித்தால் போதும் என்றார்கள். எப்படிப் பார்த்தாலும் அது தேடித் தேடிக் களைத்தவன் எழுத வேண்டிய சொல். “இன்னும் தேடுவேன்” என்கிற வாக்குறுதியும் அதற்குள் இருக்கிறது. எங்க மதினி சீட்டில் அது முதல் நாள், மூன்றாவது நிமிஷத்தில் விழுந்தது. ரத்தம் எடுக்கவில்லை, நாக்கைக்கூடப் பார்க்கவில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் இலக்கணமும் குறுக்கே வருகிறது. ‘தெரியாத’ என்பது எதிர்மறைப் பெயரெச்சம். யாருக்குத் தெரியாது என்று அது சொல்லாது. எங்க அய்யா இரண்டு வருஷம் இருமி இருமி 2014-இல் செத்தார். ஒரே அறை வீடு, ஒரே ஜன்னல். கோழை துப்புகிற சட்டியைக் கழுவினது மதினிதான். அவர் சாவுக்கு எழுதின காரணமும் காய்ச்சல்தான். இது எங்களுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். கேட்டிருந்தால் மதினியே சொல்லியிருக்கும். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் கேட்டார்: “வீட்டுல யாரும் ரொம்ப நாள் இருமினாங்களா?” அவ்வளவுதான். கழுத்தைத் தடவினார். நெறி கட்டியிருந்தது. ஊசி போட்டு உறிஞ்சிச் சோதனைக்கு அனுப்பினார். காசநோய். இந்தியாவில் பி.யு.ஓ. என்று வருகிறவர்களைத் தோண்டிப் பார்த்தால் முன்வரிசையில் நிற்பது காசநோய்தான் என்று மருத்துவப் புத்தகங்களே சொல்கின்றன. ஆறு மாசம் மாத்திரை, மதினி பிழைத்துக்கொண்டது. வேலைதான் போனது. இ.எஸ்.ஐ.யில் விடுப்புச் சம்பளம் கேட்கலாம் என்று போனால் ஆலை நோட்டில் பேரே இல்லை. போர்மேன் சொன்னாராம், “காய்ச்சக்காரிய வச்சு நான் என்ன செய்ய?”

இந்தச் சொல் தவறிப்போகிற இடம் இன்னொன்றும் உண்டு. சூடெல்லாம் காய்ச்சல் இல்லை. மூளைக்குள் ஹைப்போதாலமஸ் என்கிற பகுதி உடம்புச் சூட்டை அளந்து வைத்திருக்கிறது, இஸ்திரிப் பெட்டியில் திருகு இருக்கிற மாதிரி. கிருமி உள்ளே வந்தால் உடம்பே அந்தத் திருகை மேலே ஏற்றும். அது பைரெக்சியா. பாராசிட்டமால் திருகை இறக்கும், சூடு தணியும். வெயிலிலும் வெக்கையிலும் வேலை செய்து உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் தத்தளித்தால் திருகு அதே இடத்தில்தான் இருக்கும், பெட்டி மட்டும் கொதிக்கும். அதற்குப் பெயர் ஹைப்பர்தெர்மியா. இதற்குப் பாராசிட்டமால் ஒன்றும் செய்யாது. நிழல் வேணும், தண்ணீர் வேணும், உடம்பை நனைத்து விசிறணும். 104 டிகிரியைத் தாண்டி நினைவு தடுமாறினால் அது உயிர் போகிற அவசரம்.

பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிற அறைக்குள் மின்சாரம் கிடையாது. பொறி பறந்தால் அறையே போய்விடும் என்பதால் அந்த விதி, சரியான விதிதான். ஆகவே விசிறியும் கிடையாது. வெளியே சித்திரை வெயிலில் மேடை மேல் மருந்து காயும்போது பக்கத்தில் ஆளும் காயும். மூன்று மணிக்குத் தலை சுற்றி விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு போனால் சீட்டில் ‘ஃபீவர்’, கையில் வெள்ளை மாத்திரை. காய்ச்சல் என்று எழுதினால் அது அவள் உடம்பில் வந்த கோளாறு. வெப்பத் தாக்கு என்று எழுதினால் அவளை அங்கே நிறுத்தினது யார் என்கிற கேள்வி வரும். ஒரு சொல்லை விட்டு இன்னொரு சொல்லை எடுப்பதில் இவ்வளவு இருக்கிறது.

சொல்லுக்கு முன்னால் தொடுவது என்று ஒன்று இருக்கிறதே. புறங்கையை நெற்றியில் வைத்துத்தான் எந்தத் தாயும் காய்ச்சல் பார்க்கிறாள். அம்பேத்கர் எழுதி, அவர் மறைவுக்குப் பிறகு 1990-இல் சிறு நூலாக வெளிவந்த ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’வில் ஒரு சம்பவத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். 1929 டிசம்பர் 12 ‘யங் இந்தியா’வில் வெளியான கடிதம் அது. கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். மனைவிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு நாளில் உடம்புக்கு முடியாமல் போகிறது. டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரிய மனிதர் இரண்டு ரூபாய்க் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்கிறார். பச்சை உடம்புக்காரியைக் குழந்தையோடு வெளியே கொண்டுவருகிறார்கள். டாக்டர் வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். அதே வழியில் திரும்பி வருகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்கிறார். மருந்து அனுப்புகிறார், மறுபடி வந்து பார்க்க மறுக்கிறார். அந்தப் பெண் செத்துப்போனாள்.

நான் அதைப் பலமுறை படித்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிக் குழாய் கைமாறுகிற இடத்தில் நின்றுவிடுவேன். மூன்று கை கடந்து ஒரு எண் மட்டும் டாக்டரிடம் போகிறது. நெஞ்சில் காது வைக்காமல், விலாவைத் தட்டிப் பார்க்காமல், ஒரு எண்ணைக் கொண்டு நோய்க்குப் பெயர் வைக்கிறார். 2020-இல் கொரோனா வந்து, ஊரடங்கு தளர்ந்து ஆலை திறந்தபோது வாசலில் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டினார்கள். எல்லாருக்கும்தான், தொற்றுக்குப் பயந்துதான். ஆனால் எங்க தெருப் பெண்கள் வேனுக்குக் காசில்லாமல் வெயிலில் இரண்டு மைல் நடந்து போய் நின்றார்கள். வெயில் பட்ட நெற்றி சுடாமல் என்ன செய்யும்? சூடு காட்டினவளுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. பத்து நிமிஷம் வேப்ப மரத்து நிழலில் உட்கார வைத்துத் திரும்பப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

செத்த பிறகும் இந்தச் சொல் விடுவதில்லை. சென்னை மாகாணத்தில் 1899-இல் பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்தது. கிராமத்தில் எழுதுகிறவர் மணியக்காரர். டாக்டர் முகத்தையே பார்க்காத சாவுகளுக்குக் காரணம் எழுத வேண்டும். காலரா, அம்மை, பிளேக், பேதி என்று சில கட்டங்கள். எதிலும் அடங்காததெல்லாம் ‘காய்ச்சல்கள்’ என்கிற கட்டத்தில் போய் விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியிலும் அதற்குப் பின்னும் பிரிட்டிஷ் இந்தியாவின் கணக்கில் செத்தவர்களில் பாதிக்கு மேல் காய்ச்சலில் செத்தவர்கள். பஞ்சத்தில் வற்றினவர்கள், பிரசவத்தில் போனவர்கள், நெஞ்சு சளியில் போனவர்கள் எல்லாரும் அதற்குள்தான் இருப்பார்கள். 1918-இல் இன்ஃப்ளுயென்சா லட்சக்கணக்கில் வாரிக்கொண்டு போனபோதும் பெரும்பாலும் இந்தக் கட்டம்தான் வீங்கியது. சாவு விழுந்தால் ஊர் ஊராகக் கேதம் சொல்லப் போனவர்கள் எங்க ஆட்கள். எப்படிச் செத்தார் என்று கேட்டு எழுதினவர்கள் வேறு ஆட்கள்.

அந்தக் கட்டத்துக்கு இன்றைக்குப் பத்திரிகை வைத்த பெயர் ‘மர்மக் காய்ச்சல்’. துப்பறியும் நாவல் தலைப்பு மாதிரி. 2012-இல் தமிழ்நாட்டில் டெங்கு 12,000 பேருக்கு மேல் கண்டது. 2017-இல் 23,000-ஐத் தாண்டியது. இரண்டு முறையும் பக்கத்துக்குப் பக்கம் மர்மக் காய்ச்சல்தான். இதில் என்ன மர்மம்? ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். பத்து நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற தெருவில் குடத்திலும் தொட்டியிலும் பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? பெயரைச் சொன்னால் குழாயைச் சொல்ல வேண்டிவரும். 2017 நவம்பரில் மேற்கு வங்கத்தில் பாராசாத் மாவட்ட மருத்துவமனையில் காய்ச்சல் நோயாளிகள் குவிந்து கிடந்த நிலையை முகநூலில் எழுதிய டாக்டர் அருணாசல் தத்தா சௌத்ரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். டாக்டர்களில் அப்படியும் ஆட்கள் உண்டு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பெயரிலேயே காரணத்தைச் சுமக்கிற காய்ச்சல்களும் இருக்கின்றன. அதிலும் ஜாக்கிரதையாக இருக்கணும். 2009-இல் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் பரவியதும் எகிப்து அரசு நாட்டிலுள்ள பன்றிகளை எல்லாம் கொல்ல உத்தரவிட்டது. அது மனுசனிடமிருந்து மனுசனுக்குத் தொற்றுகிற நோய் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. அழிந்தது கெய்ரோவில் குப்பை பொறுக்கிப் பன்றி வளர்த்துப் பிழைத்த சப்பாலீன் மக்களின் பிழைப்பு. பன்றி வளர்க்கிறவர்கள் இங்கே யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மதினிக்குப் பிறகு எங்க தெருவில் ஒரு நோட்டு போட்டோம். நூறு பக்க ரூல்டு நோட்டு. யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் தேதி, நேரம், வெப்பமானி காட்டின எண், அன்றைக்குச் செய்த வேலை. எண் காட்டாவிட்டால் ‘உள்’ என்று மட்டும் எழுதுவோம். இருபத்தோராவது நாளில் சிவப்பு மை. படித்த பிள்ளைகள் முறை வைத்து எழுதுகிறார்கள். ஆரம்பத்தில் கிழவிகள் சிரித்தார்கள், “சீக்குக்கு வரவு செலவா?” என்று. இப்போது அவர்களே வந்து, “எம் பேருல ரெண்டு நாளு விட்டுப்போச்சு, எழுது” என்கிறார்கள்.

போன வருஷம் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு தெருப்பிள்ளை ஒருத்தியுடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதுசாக வந்திருந்த பெண் டாக்டர். வேற ஜில்லாக்காரர். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு இடத்தில் விரலை வைத்து, “பதினொண்ணு, பன்னெண்டு, பதினாலு, மூணு நாளும் மணி மருந்துன்னு போட்டிருக்கே, அது எந்தக் கம்பெனி மாத்திரைம்மா? எத்தனை வேளை சாப்பிட்டே?” என்று கேட்டார்.

அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த அறை, எத்தனை பேர், எத்தனை மணிக்கு உருண்டை பிடிக்க உட்காருவோம், கையில் என்ன ஒட்டும், எப்போது கழுவுவோம் என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பின்னால் வரிசையில் சத்தம் போட்டார்கள். டாக்டர் மணியை அடிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.